அறிக்கையின் அடியில் கையால் எழுதிய வரி

அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பதேகால் மணி இருக்கும். ஆய்வகத்தில் இன்குபேட்டரைத் திறந்து, சனிக்கிழமை கிருமி வளர வைத்த தட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் ரஹ்மத்துன்னிசா மேடத்தின் பெயர். அவர் தாமதமாக வருபவர் அல்லர். தாமதமாகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதற்காகத்தான் அழைக்கிறார் என்று நினைத்து ஒரு கையின் உறையை மட்டும் கழற்றிவிட்டு எடுத்தேன். பேசியது ஓர் ஆண் குரல்.

"தேவகி அம்மாங்களா? நான் ரஹ்மத் அக்காவோட தம்பி, காதர் பேசறேன்ங்க. கள்ளக்குறிச்சி வூட்லதான் நிக்கிறேன். அக்கா மவுத்தாயிட்டாங்க. காலைல கீழ் வூட்டம்மா கதவத் தட்டியிருக்காங்க, தொறக்கல. ஹார்ட்டுன்னு சொல்றாங்க."

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"அக்கா போன்ல கடைசியா பேசுனது ஒங்ககிட்டதாங்க. அதுக்கு முன்னாடி நாள் பேசுனதும் ஒங்ககிட்டதான். வேற யாருக்குச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல. நீங்களே சொல்லிடுங்க."

யாருக்குச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. மருத்துவமனை அலுவலகத்துக்குச் சொன்னேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியருக்குச் சொன்னேன். அதோடு முடிந்துவிட்டது. பதினேழு ஆண்டுகள் ஒரே அறையில் அவருடன் வேலை செய்தவள் நான். அவர் இறந்த செய்தியைச் சொல்ல எனக்குக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். மூன்றாவதாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் அவரை 'லேப் மேடம்' என்றே அழைத்தார்கள். பாதிப் பேருக்கு முழுப்பெயர் தெரியாது. முனைவர் ரஹ்மத்துன்னிசா, நுண்ணுயிரியல் பிரிவின் பொறுப்பாளர். சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை. நெடுஞ்சாலை ஓரத்தில் அவருடைய தந்தை லாரி டயர் கடை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்தான். விழுப்புரத்துக்குத் தினமும் பேருந்து. தனியாக அனுப்ப மனமில்லாமல் அவருடைய தாயாரும் கூடவே போவாராம். மகள் வகுப்பில் இருக்கும் நேரம் முழுவதும் கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். மூன்று ஆண்டுகள் இப்படி நடந்தது. பிறகு சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. அது முடிந்த ஆண்டு தந்தை காலமானார். தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு, தாயாரை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டுக்கு வந்தார். வேலை எங்கள் மருத்துவமனையில் கிடைத்தது.

அவர் சேர்ந்த நான்காம் மாதம் நான் சேர்ந்தேன். எனக்கு ஊர் எலவனாசூர்கோட்டை. பெற்றோர் கரும்பு வெட்டும் கூலிகள். டிப்ளமா படித்திருந்தேன், பெரிய ஆய்வகம் எதையும் பார்த்ததில்லை. வயதில் இருவருக்கும் இரண்டே ஆண்டு வித்தியாசம். முதல் வாரத்தில் ஒரு பூஞ்சைத் தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டேன். புளித்த மாவு மணம் அடித்தது. மேடம் தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"ஏங்க, அது பரோட்டாக் கடை மாவு இல்லீங்க. உசுரோட இருக்குது. மூக்குக்குள்ள பூந்துக்கும்."

பதினேழு ஆண்டுகளில் அவர் என்னை ஒருமுறைகூட 'நீ' என்று சொன்னதில்லை. மரியாதைதான் என்று மகிழ்ந்திருந்தேன். இன்று யோசித்துப் பார்க்கும்போது, 'நீ' என்று கூப்பிட அவருக்கு யாருமே இல்லையோ என்று தோன்றுகிறது. தாயார் இறந்த பிறகு அவர் அந்த மாடி வீட்டிலேயே தங்கிவிட்டார். திருமணம் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு நோயாளி. பெயர் வெள்ளச்சி. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். குடலில் ஓட்டை விழுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாத நிலை. கழுத்து நரம்பில் குழாய் போட்டு அதன் வழியாகவே உணவும் மருந்தும் போயின. இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. ரத்தத்தை எங்களுக்கு அனுப்பினார்கள். பூஞ்சை வளர்ந்தது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சோதித்து மேடம் கையெழுத்திட்டு அனுப்பினார். வழக்கமான, விலை குறைந்த மருந்துக்கே அது கட்டுப்படும் என்று முடிவு வந்திருந்தது. எல்லாருக்கும் நிம்மதி. மருந்தைக் கொடுத்தார்கள். கழுத்துக் குழாயை எடுக்கவில்லை. அந்த அம்மாவின் நரம்பு கிடைப்பது கடினம். அறிக்கைதான் நன்றாக வந்திருக்கிறதே, இருக்கட்டும் என்று விட்டார்கள். காய்ச்சல் குறையவில்லை. பத்தாம் நாள் வெள்ளச்சி இறந்தார்.

மேடம் தம் சோதனையை மறுபடி செய்தார். மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அதே முடிவு. பிறகு என்னை அனுப்பி, கழற்றிய குழாயைக் கேட்டு வாங்கிவரச் சொன்னார். அதைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். குழாயின் உள்சுவர் முழுக்கப் பூஞ்சை அடுக்கடுக்காக ஒட்டி, தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒன்றைப் பூசிக்கொண்டு படலமாகப் படர்ந்திருந்தது.

"நம்ம சோதனைல பூஞ்சை தனித்தனியா தண்ணில மெதந்துக்கினு இருக்குது. மருந்து பட்டதும் அடங்கிடுது. இங்க பாருங்க, குடும்பமா கூடி ஒக்காந்துருக்கு. அதே பூஞ்சை, அதே மருந்துதான். ஆனா இங்க ஒண்ணும் ஆகாது."

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்: "என் ரிப்போர்ட் சரிதான், தேவகி. சரியா இருந்துகினே அந்தம்மாவக் கொன்னுருக்கு."

"மேடம், நீங்க இன்னா பண்ணுவீங்க? குழாய எடுக்கறதும் வைக்கறதும் டாக்டருங்க முடிவு" என்றேன். அவர் அந்தப் பூஞ்சையில் சிறிது ஒரு குப்பியில் எடுத்து, வெள்ளச்சியின் பெயரை எழுதி உறைபெட்டியில் வைத்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்கூட வெள்ளிமலைக்கு வரீங்களா?" என்று கேட்டார். அவர் என்னிடம் சொந்தமாக எதையும் கேட்டது அதுவே முதல் தடவை. கச்சிராயபாளையம் வழியாக மலைப்பேருந்தில் ஏறினோம். வளைவுகளில் அவருக்குக் குமட்டல் வந்தது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு வந்தார். வெள்ளிமலையில் இறங்கி ஜீப்பில் போய், பின்பு நடந்தோம். வெள்ளச்சியின் கணவர் அண்ணாமலை சாமை அறுவடை செய்த கொல்லையில் கதிர் நீக்கிய தட்டையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"நாங்க ஆஸ்பத்திரி லேப்புங்க. ஒங்க வூட்டம்மா ரத்தத்தைச் சோதிச்சது நான்தான்" என்றார் மேடம்.

அவர் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார். "ஏதாவது எழுதிக் குடுக்கணுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." மேடம் நின்றுகொண்டே சொன்னார். மருந்து சரியானதுதான், ஆனால் குழாய்க்குள் பூஞ்சை படலமாக ஒட்டியிருந்தது, அங்கே மருந்து ஏறவில்லை, குழாயை எடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம், அதைத் தாம் அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்று எதையும் மறைக்காமல் சொன்னார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். மருத்துவமனைக்குத் தெரிந்தால் இருவருக்கும் வேலை போய்விடும். அதைவிட, அந்த மனிதரின் இடுப்பில் அரிவாள் செருகியிருந்தது.

அண்ணாமலை தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். பிறகு கேட்டார்:

"அப்போ நான் லேட்டா கூட்டியாந்ததாலே இல்லீங்களா?"

"இல்லீங்க."

"வவுத்து வலின்னு ரெண்டு நாளு சொல்லிக்கினே இருந்துச்சு. மரவள்ளிக் கெழங்கு புடுங்கற நேரம், அப்பறம் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். அந்த ரெண்டு நாளுதான் கொன்னுருச்சுன்னு எங்க மாமியா வூட்டுல எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருக்கேன்."

மேடம் யோசித்துத்தான் பதில் சொன்னார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர்.

"ரெண்டு நாள் முன்னாடி வந்துருந்தா ஆபரேஷன் சுளுவா இருந்துருக்கும். ஆனா ஆபரேஷன்ல அவங்க பொழைச்சிட்டாங்க. அதுக்கப்பறம் நடந்தது ஒங்களால இல்லீங்க. அது எங்க பக்கம்."

அண்ணாமலை அப்படியே சாமைத் தட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் இருவரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். அழுது முடித்தபின், "இத எங்க மாமியா வூட்டுலயும் வந்து சொல்றீங்களா?" என்று கேட்டார். பக்கத்து ஊர். அங்கேயும் நடந்து போய், பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து நிற்க, மேடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். ஒரு கிழவர் எழுந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அதையும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து, ரத்தத்தில் பூஞ்சை வளரும் ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ஒரு வரி சேர்த்தார்: 'இந்த முடிவு தனியாக மிதக்கும் பூஞ்சைக்கு மட்டுமே பொருந்தும், நோயாளிக்குக் குழாய் போட்டிருந்தால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.' ஒரு வாரத்தில் மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. ஓர் அறுவை மருத்துவர் ஆய்வகத்துக்கே வந்து, "மேடம், ரிசல்ட்டை மட்டும் குடுங்க. வைத்தியம் நாங்க பாத்துக்கறோம். ரிப்போர்ட்ல கத எழுதாதீங்க" என்றார். கணினிப் படிவத்திலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டார்கள். மேடம் அதன்பின் பேனாவை எடுத்தார். அச்சடித்து வரும் ஒவ்வொரு தாளிலும், கையெழுத்துக்கு மேலே, நீல மையில், தம் கையாலேயே அந்த வரியை எழுதினார். எட்டு ஆண்டுகள் எழுதினார். ஆண்டு ஊதிய உயர்வு இரண்டு முறை நிறுத்தப்பட்டது. கடைசிவரை அவரை ஒரு கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. சாப்பாட்டு அறையில் மருத்துவர்கள் மேசையில் அவருக்கு இடம் விடுவதையும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் டிபன் பாக்ஸை ஆய்வகத்திலேயே, மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடப் பழகினார். நான் என் தோழிகளோடு சாப்பாட்டு அறைக்குப் போய்விடுவேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது.

படலத்துக்குள் பூஞ்சை எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்பதே அவருடைய மீதி வாழ்க்கை ஆயிற்று. வேலை முடிந்த பின் மாலை ஏழு மணிவரை அதற்காகவே இருப்பார். கழித்துப்போடும் குழாய்களிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைகளைச் சிறு சிறு குப்பிகளில் உறைபெட்டியில் சேமித்தார். குழாய் செய்யப் பயன்படும் சிலிக்கோன் துண்டுகளின்மேல் அவற்றைப் படலமாக வளர்த்து, மருந்தை ஊற்றி, ஊதாச் சாயம் ஏற்றிப் பார்ப்பார். படலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக ஊதா நிற்கும். எப்போதும் அடர்த்தியாகத்தான் நின்றது.

ஒரு நாள் எனக்கு விளக்கினார். உடம்பில் வேலை செய்யும் புரதங்கள் நூல் மாதிரி உருவாகி, சரியான வடிவத்தில் மடிந்தால்தான் பயன்படும். சூடோ விஷமோ பட்டால் மடிப்பு கோணிக்கொள்ளும். அப்போது பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்து, மறுபடி ஒழுங்காக மடியும்வரை விடாமல் இருக்கும் துணைப்புரதங்கள் ஒவ்வொரு உயிரணுவிலும் உண்டு. மருந்து என்ற விஷம் வரும்போது படலத்துக்குள் இருக்கும் பூஞ்சையைக் காப்பாற்றுவதில் அந்தத் துணைக்குப் பெரிய பங்கு உண்டு.

"இங்கிலீஷ்ல அதுக்கு ஷாப்பரோன்னு பேருங்க. அந்தக் காலத்துல வயசுப் பொண்ணு வெளிய போனா கூடவே தொணைக்குப் போற பெரிய பொம்பள. எங்கம்மா ஜெராக்ஸ் கட பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருந்தாங்க பாருங்க, அது மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய சிரிப்பு ஓசையில்லாதது. தோள் மட்டும் குலுங்கும்.

அந்தத் துணையை முடக்கும் ஒரு வேதிப்பொருளைச் சென்னையிலிருந்த பழைய தோழி ஒருவர் சிறிது அனுப்பி வைத்தார். வழக்கமான மருந்தோடு அதையும் சேர்த்து ஊற்றிய நாளை மறக்க முடியாது. மறுநாள் சாயம் ஏற்றிக் கழுவியபோது தட்டின் சிறு குழிகளில் ஊதா மிக வெளிறி, சிலவற்றில் ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருந்தது. வெள்ளச்சியின் பூஞ்சை வைத்த வரிசையிலும் அப்படியே. மேடம் தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாருங்க தேவகி, பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் ஓடிப்போய்க் கடையில் ஜிலேபி வாங்கி வந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து இனிப்புத் தின்றது அந்த ஒரு நாள்தான்.

அந்த மகிழ்ச்சி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. தோழியின் ஆய்வகத்தில் அதே பொருளை மனித உயிரணுக்களின்மேல் போட்டுப் பார்த்திருந்தார்கள். அவையும் செத்துவிட்டன. மேடத்துக்கு அது முன்பே தெரியும், நூல்களில் படித்திருந்தார். ஆனாலும் மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் ஏதாவது வழி கிடைக்குமா என்று எதிர்பார்த்திருக்கிறார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அதுக்கு இருக்கற தொண நமக்கும் இருக்குதுங்க. ஏறக்கொறைய ஒரே சாடை. அத மட்டும் தனியா பிரிச்சி அடிக்கறதுக்கு இன்னும் யாருக்கும் சரியா வரல. எனக்கு இன்னா, இந்த ஒரு ரூம்ல வந்துடுமா?"

இருந்தாலும் கண்டதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். 'புதிய செய்தி ஏதுமில்லை' என்று திரும்பி வந்தது. நான் கோபப்பட்டேன். அவருக்குக் கோபமில்லை.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பெரிய லேப்புங்கள்ல எப்பவோ பாத்ததுதான். ஆனா நம்ம ஆஸ்பத்திரிக் குழாய்லயும் அப்படித்தான் இருக்குதுன்னு இங்க யாருக்கும் தெரியாதே."

அவருடைய நீல மை வரியால் பிழைத்த ஒருவரை நான் அறிவேன். ஒரு லாரி ஓட்டுநர். புதிதாக வந்திருந்த இளம் மயக்க மருத்துவர் அறிக்கையை அடிவரை படித்துவிட்டு, அன்றே கழுத்துக் குழாயை எடுத்து, வேறிடத்தில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார். நான்கே நாளில் காய்ச்சல் விட்டது. செய்தி கேட்டதும் மேடம் எழுந்து எங்கோ போனார். அரைமணி நேரம் கழித்து நான் ரத்தக் குப்பி வாங்கப் போனபோது, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநரின் மனைவி வெளியே வந்து, "நீங்க யாருங்க, சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, லேப்பு" என்றார் மேடம். அவ்வளவுதான். திரும்பி வந்து அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை கிளம்பும்போது இடது தோள் வலிக்கிறது என்றார். "டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போங்க மேடம், கீழதான இருக்காங்க" என்றேன். "வாயுப் புடிப்புங்க, ஒண்ணும் இல்ல" என்றார். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்து, திங்கட்கிழமை பார்க்க வேண்டிய தட்டுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சமையலில் இருந்தேன். "சரி மேடம், சரி மேடம்" என்று சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டேன். வைக்கும் முன் அவர் ஒரு கணம் தயங்கியது போல் இருந்தது. இன்றுவரை என் காதில் இருப்பது அந்தத் தயக்கம்தான்.

திங்கட்கிழமையே உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுபோய், மாலை நேர அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் செய்தார்கள். மருத்துவமனையிலிருந்து நானும் தலைமைச் செவிலியரும் போயிருந்தோம்.

பத்து நாள் கழித்துக் காதர் மறுபடி அழைத்தார். "வூட்டக் காலி பண்ணணுங்க. பேப்பருங்களா கெடக்குது. எது ஆராய்ச்சி, எது வேஸ்ட்டுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து பிரிச்சித் தரீங்களா?"

மருத்துவமனையிலிருந்து நடந்தால் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்குள் நான் அன்றுதான் முதல் முறையாகப் போனேன். ஓர் அறை, ஒரு சமையலறை. எல்லாம் ஒவ்வொன்றுதான் இருந்தது: ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. மேசையில் தாள்கள் நேராக அடுக்கியிருந்தன. அவற்றைப் பிரித்துக் கட்டினேன். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய மர நாற்காலி. அந்தப் பக்கம் ஒரு புது நாற்காலி. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு காதர் சொன்னார்:

"போன பெருநாளுக்கு வாங்குனதுங்க. லேப்புலேர்ந்து ஃப்ரெண்டு ஒருத்தங்க சாப்புட வராங்கன்னு அக்கா சொன்னாங்க. என்னயே கடைக்கு இட்டுகினு போயி வாங்குனாங்க. அவங்க வரல போலக்குது. நீங்க நில்லாதீங்க, ஒக்காருங்க. டீ வாங்கியாறேன்."

அவர் இறங்கிப் போனார். போன ரம்ஜானுக்கு முந்தைய நாள், "நாளைக்கு வூட்டுக்கு வாங்க தேவகி, பிரியாணி செய்றேன்" என்று மேடம் அழைத்தது உண்மை. வருகிறேன் என்று நான் சொன்னதும் உண்மை. மறுநாள் கணவரின் தங்கை வீட்டில் விசேஷம், போய்விட்டேன். போன் செய்து சொல்லக்கூட இல்லை. அடுத்த நாள் ஆய்வகத்துக்கு வந்தபோது அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என் பங்கு பிரியாணியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தார். யார் யாரையோ எண்ணி எத்தனையோ பேருக்குச் செய்திருப்பார், அதில் மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

உறையைப் பிரிக்க மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நொறுங்கும் ஓசை அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. எதிரே மர நாற்காலியின் முதுகில் அவருடைய வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தது. கீழே தெருவில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போகும் சத்தம். காதர் டீயோடு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்துவிட்டேன் மேடம். தாமதமாகத்தான் வந்தேன். நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள்.